அட்வான்சுக்கும் உறுதிக்கும் நடுவில்: திருகோணமலையில் பழுதுள்ள வீட்டுக்கு விலை பேசுவது

ஆவணி மாதத்தில் திருகோணமலையில் எந்த வீட்டைப் பார்த்தாலும் நல்ல வீடாகத்தான் தெரியும். மாதக்கணக்காகக் கச்சான் காற்று அடித்துச் சுவரெல்லாம் காய்ந்திருக்கும். கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியிருக்கும், மலசலகூடக் குழி சத்தமில்லாமல் வேலை செய்யும். கூரையில் ஓட்டை இருந்தால் அதன் வழியாக வருவது வெயில் மட்டும்தான், அதுவும் பார்க்க அழகாகவே இருக்கும். அதே வீட்டுக்கு வாடைக்காற்றோடு மழை இறங்கிய பிறகு கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அறை மூலையில் ஒரு வாளி வைத்திருப்பார்கள்.

ஆனால் நம்முடைய வாங்கல் விற்கலெல்லாம் காய்ந்த காலத்தில்தான் நடக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. வெளிநாட்டுச் சொந்தங்கள் அங்கே பள்ளிக்கூடம் விடுகிற ஜூலை, ஓகஸ்டில் வந்து நிற்பார்கள். வீட்டைக் காட்டுவது, பேசுவது, அட்வான்ஸ் கொடுப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். இந்த மாவட்டத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் விழுவது. அதற்கு முன்பே உறுதி, அதாவது விற்பனைப் பத்திரம், எழுதியாகிவிடும். மார்கழியில் வாங்கக் கூடாது என்பதற்குச் சாத்திரம் இருக்கலாம், பார்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. முடிந்தவர்கள் மார்கழியில் பார்த்துத் தையில் அட்வான்ஸ் கொடுக்கட்டும்.

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சான் ஒருவர் உப்புவெளிப் பக்கம் வீடு வாங்க வந்தபோது கேட்ட முதல் கேள்வி: “இஞ்ச இன்ஸ்பெக்ஷனுக்கு ஆரைப் பிடிக்கிறது?” நான் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. அங்கே வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள். குறிப்பிட்ட சில நாட்களுக்குள் வாங்குபவர் தன் செலவில் ஒரு பரிசோதகரைக் கூட்டிவந்து வீட்டைப் பார்க்கலாம். அவர் இரண்டு மூன்று மணிநேரம் கூரை, நிலவறை, வயரிங், பைப், ஹீற்றர் என்று எல்லாவற்றையும் பார்த்துப் படங்களோடு அறிக்கை தருவார். சுவரை உடைத்துப் பார்க்கமாட்டார், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுவார். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவர் திரும்பவும் பேசுவார்: திருத்தித் தாருங்கள், அல்லது விலையைக் குறையுங்கள், அல்லது திருத்தும் செலவைக் காசாகக் கழியுங்கள். ஒத்துவராவிட்டால் நிபந்தனைப்படி விலகி, கட்டிய வைப்புப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். வீட்டு விலை தலைதெறிக்க ஏறிய காலங்களில், போட்டியில் தோற்றுப்போவோம் என்ற பயத்தில் இந்த நிபந்தனையையே கைவிட்டு வாங்கியவர்கள் அங்கேயும் நிறைய இருக்கிறார்கள்.

இங்கே அப்படி எழுதப்பட்ட நடைமுறை இல்லை, அதைச் செய்ய வேண்டாம் என்று தடுப்பவர்களும் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் நாளுக்கும் நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) முன்னால் உறுதியில் கையெழுத்து வைக்கும் நாளுக்கும் நடுவில் சில வாரங்கள், சில வேளை மூன்று மாதம் வரை கிடக்கின்றன. காணிப் பதிவகத்தில் தேடுவது, வங்கிக் கடன், வெளிநாட்டில் இருப்பவர் தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அட்டோர்ணித் தத்துவம் வந்து சேர்வது என்று அந்தக் காலம் எப்படியும் போகும். வீட்டின் குறையைப் பற்றிப் பேசக் கிடைக்கிற காலமும் அதுதான். நம்மவர்கள் அதைக் காகிதம் பார்ப்பதில் மட்டும் செலவழிக்கிறார்கள். தாய் உறுதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவர், கூரைக்கு ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கமாட்டார்.

வங்கி ஆள் வந்து பார்த்தாரே என்பார்கள். அவர் மதிப்பீட்டாளர். கடன் கட்டாமல் போனால் இந்தச் சொத்தை விற்று வங்கி எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. காணியின் பேர்ச், றோட்டு அகலம், கட்டடத்தின் சதுர அடி, வயது ஆகியவற்றைப் பார்த்து ஒரு தொகை எழுதுவார். குளியலறைச் சுவருக்குப் பின்னால் பைப் கசிகிறதா என்பது அவருக்குத் தேவையில்லாத விசயம்.

சட்டம் இந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையோ விற்பதற்கான உடன்படிக்கையோ எழுத்தில் இருந்து, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்தானால்தான் செல்லும். ஆகவே கொப்பித் தாளில் முத்திரை ஒட்டி எழுதிய அட்வான்ஸ் துண்டு, காசு கைமாறியது என்பதற்குச் சாட்சியாகலாம். அதை வைத்து வீட்டை எழுதித் தரச் சொல்லி வழக்காட முடியாது. அந்தத் துண்டின் அடியில் ‘கூரை திருத்தித் தரப்படும்’ என்று எழுதியிருந்தால் அதற்கும் அந்த அளவு பலம்தான். வாயால் சொன்னதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

உறுதி எழுதிய பிறகு குறை தெரியவந்தால்? நம் நாட்டில் இதற்கு ரோமன்-டச்சுச் சட்டம்தான் அடிப்படை. விற்பனையின்போது இருந்து, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத மறைந்த குறையாக இருந்தால், விலையில் ஒரு பங்கைத் திரும்பக் கேட்கவும், குறை பாரதூரமானால் வாங்கியதையே ரத்துச் செய்யக் கேட்கவும் அதில் வழி உண்டு. கண் முன்னால் தெரிந்த குறைக்கு அந்த வழி இல்லை, ‘பார்த்துத்தானே வாங்கினாய்’ என்பதோடு முடிந்தது. மறைந்த குறைதான் என்று நிரூபிப்பதோ வருடக்கணக்கான வேலை. விற்றவர் அதற்குள் நோர்வேயிலோ கனடாவிலோ இருப்பார். வழக்குக்குப் போகும் காசில் கூரையை இரண்டு தரம் மாற்றலாம்.

எனக்கே நடந்தது. பாலையூற்றில் நான் வாங்கிய வீட்டின் மலசலகூடக் குழி இடிந்து கிடந்தது. “உறுதி முடிய ரெண்டு நாளில ஆளை விட்டுச் செய்து தாறன் தம்பி, யோசியாதீங்கோ” என்றார் விற்றவர். கெட்ட மனிதர் அல்ல, சொல்லும்போது செய்யத்தான் நினைத்திருப்பார். உறுதி முடிந்தது. காசு அவர் மகளின் கலியாணத்துக்குப் போனது. குழியை நான்தான் கட்டினேன்.

இனி, எதைப் பார்ப்பது? இங்கே வீட்டுக்கு முதல் எதிரி உப்பு. நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு, திருக்கடலூர் என்று கடலோரம் எங்கும் காற்றிலேயே உப்பு வருகிறது. கூரைச் சீட்டைப் பிடிக்கும் ஆணியும் கொளுக்கியும் சீட்டுக்கு முன்னமே செத்துவிடும். ஜன்னல் கிராதி இற்றுப்போனால் கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் உண்மையான கவலை. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ள கொங்கிறீட் கம்பி ஓடும் வழியிலேயே நீளமாக வெடித்து, பிறகு அப்பளம் போலக் கழன்று விழும். பிளேட் (கொங்கிறீட் தட்டுக் கூரை) போட்ட வீட்டில் மேலே பார்க்கும்போது நேர்கோட்டில் வெடிப்பும் துருக் கறையும் தெரிந்தால், அல்லது ஓர் இடத்தில் மட்டும் புதுப் பூச்சு தெரிந்தால், சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெறுமையாகக் கேட்டால் உள்ளே கழன்றிருக்கிறது. அது மேசன் பார்த்துச் சொல்லும் விசயம் அல்ல, எஞ்சினியர் ஒருவரைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும். மேசன் பூசி மறைத்துத் தருவார், இரண்டு மாரி தாங்கும்.

“என்ன மண்ணில கட்டினது?” என்று கேட்பதும் அதற்காகத்தான். மகாவலி கங்கை, மூதூர் கிண்ணியாப் பக்கம் வந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. கங்கை மண் நமக்குத் தூரத்துச் சாமான் இல்லை. அப்படியிருந்தும் கடற்கரை மண்ணைக் கழுவாமல் சேர்த்துக் கட்டிய சுவர்கள் உண்டு. அவசரத்தில் கட்டியவை, ஒரே நேரத்தில் ஊர் முழுக்கக் கட்டியபோது மண் கிடைக்காமல் கட்டியவை. அடிச்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் பொருமி, வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் அதை ஈரம் ஏறுகிற சுவராக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் வரைக்கும் மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

சுவர் வெடிப்பு எல்லாமே பயப்பட வேண்டியது அல்ல. தலைமயிர் போலப் பூச்சில் ஓடுவதை விட்டுவிடலாம். ஜன்னல் மூலையில் தொடங்கிச் சாய்வாக, கல்லுக்குக் கல் படிபோல இறங்குவது, ஒரு ரூபாய்க் குற்றி நுழையும் அளவு விரிந்தது, சுவரின் இரண்டு பக்கமும் தெரிவது, இவைதான் அத்திவாரம் அசைந்ததைச் சொல்லும். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கடதாசித் துண்டை ஒட்டித் திகதி எழுதி வைத்து, உறுதிக்கு முன்னால் வந்து பாருங்கள். கிழிந்திருந்தால் வெடிப்பு இன்னும் நடக்கிறது.

மழை இல்லாத காலத்தில் கூரையைச் சோதிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. ஒரு ஹோஸ் பைப்பால் கூரை முகட்டிலும் இரண்டு கூரை சேரும் பள்ளத்திலும் அரைமணிநேரம் தண்ணீர் விட்டு, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவே ஒரு பதில். கைமரம், சலாகை என்று கூரையைத் தாங்கும் மரம் எல்லாவற்றையும் திருப்புளியால் (ஸ்க்ரூ டிரைவர்) குத்திப் பார்க்க வேண்டும். கறையான் தின்ற மரம் வெளியில் தோலோடு நிற்கும், உள்ளே ஒன்றும் இராது. பழைய வீடுகளில் முதிரையும் பனையும் போட்டிருப்பார்கள். அறுபது வருடம் ஆனாலும் திருப்புளி இறங்காது. அப்படிப்பட்ட மரத்தைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு மற்றக் குறையைப் பேசுங்கள். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் உடைந்ததை எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் கழற்றும்போது உடைத்து, வெட்டி, அந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டாம். மாற்றும் செலவில் அதைப் பத்திரமாக இறக்குகிற கூலியும் சேரும்.

வெள்ளம் பற்றி விற்பவரைக் கேட்டுப் பயனில்லை. அடுத்த வளவுக் கிழவியைக் கேளுங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. “புரெவிக்கு இந்த வீட்டில எத்தனை சீட் பறந்தது ஆச்சி?” என்று கேட்டால் எண்ணிக்கையோடு பதில் வரும். கடலோரமானால் 2004 மார்கழியில் கடல் எதுவரைக்கும் வந்தது என்பதையும் அவரே மதில் காட்டிச் சொல்லுவார். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உவர் என்றால் அது திருத்தம் அல்ல, விலை. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்பார்கள். பத்துப் பேர்ச் காணியில், பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்துப் பார்த்தால், அது பல இடத்தில் இராது.

வயரிங்கை ஒரு எலக்ட்ரீசியன் அரை நாளில் பார்த்துவிடுவார். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, சோதனைப் பொத்தானை அமர்த்தினால் விழுகிறதா, எர்த் உண்மையில் மண்ணுக்குள் போகிறதா என்ற மூன்றையும் பார்க்காமல் விடக்கூடாது.

இத்தனைக்கும் ஆள் யார் என்றால், ஒரு மேசன், கூரை வேலை தெரிந்த ஓர் ஓடாவியார் (தச்சர்), ஒரு எலக்ட்ரீசியன். மூவருக்கும் அரை நாள் கூலி. பிளேட், அத்திவாரம் சந்தேகமென்றால் மட்டும் எஞ்சினியர். புரோக்கர் கூட்டிவரும் வேலையாள் வேண்டாம். நீங்கள் பிறகு வேலைக்கு வைக்கப்போகும் ஆளையே கூட்டிப்போனால், அவர் வேலை கிடைக்கும் என்ற ஆசையில் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், அதனால் இன்னொருவரிடமும் கணக்குக் கேளுங்கள். கணக்கு எழுத்தில் இருக்கட்டும்: எத்தனை சீட், எத்தனை அடி மரம், எத்தனை மூடை, எத்தனை நாள் கூலி. போன வருடத்து விலையில் பேசாதீர்கள். 2022 நெருக்கடியில் ஒரு மூடைச் சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டியதை மறந்தவர் யாரும் இல்லை. கடைக்குப் போய் அன்றைய விலையை எழுதுங்கள்.

பேச்சு என்று வரும்போதுதான் நம்முடைய ஊர் வேறு மாதிரி. ரொறன்ரோவில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே முடித்துவிடலாம், நடுவில் ஏஜென்ட்கள் இருப்பார்கள். இங்கே விற்பவர் உங்களுக்குத் தேத்தண்ணி தந்து, தன் தகப்பன் ஒவ்வொரு கல்லாகச் சேர்த்துக் கட்டிய கதையைச் சொல்லியிருப்பார். கிழக்கில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். விற்கிறவர் அந்த மகளாக இருந்தால், நீங்கள் குறை சொல்வது அவர் தாய் தகப்பன் கொடுத்ததை. “அக்கா, இதென்ன இப்பிடிக் கட்டிக் கிடக்கு” என்று தொடங்கினால் பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிடும். விலை குறையாதது மட்டும் அல்ல, “அவையளுக்கு மட்டும் குடுக்கக் கூடாது” என்று நல்ல விலைக்கும் தராமல் விட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பழகியவர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள். “அக்கா, ஐயா கட்டின கட்டு அப்பிடியே நிக்குது, சுவரில ஒண்டும் சொல்லேலாது. கூரைதான் வயசாப் போச்சு. ஓடாவியார் வந்து பாத்தவர், கணக்கும் எழுதித் தந்தவர். நீங்களும் உங்கட ஆளைக் கொண்டு பாருங்கோ.” இதில் மரியாதை இருக்கிறது, அதற்கு மேலேயும் ஒன்று இருக்கிறது. குறையைச் சொன்னது ஓடாவியார், நீங்கள் அல்ல. அவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்க அவர்களுக்கும் வழி விட்டிருக்கிறீர்கள். பேச்சு இனி இரண்டு ஓடாவியாரின் கணக்குக்கு நடுவில் நடக்கும்.

எத்தனை குறையைக் கேட்பது? மேசன் இருபத்து மூன்று குறை எழுதித் தருவார். அதை முழுவதும் கொண்டுபோய் நீட்டினால், விலையை அடிக்க வந்த ஆள் என்றுதான் நினைப்பார்கள். அட்வான்ஸ் பேசும்போது கண்ணுக்குத் தெரிந்த எதையும் திரும்ப எடுக்காதீர்கள். மங்கின பெயின்ட், உடைந்த கேற், பழைய டைல்ஸ் எல்லாம் சொன்ன விலைக்குள்ளேயே இருந்தவை. அதற்குப் பிறகு தெரியவந்தவற்றில், ஆளுக்கு ஆபத்தானதும் பெரிய காசு கேட்பதும் மட்டும் மேசைக்கு வரட்டும். மூன்றுக்கு மேல் போனால் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்து, தத்துவக்காரர் ஒருவர் இங்கே கையாள்கிறார் என்றால், அந்தத் தத்துவத்தில் விலையைக் குறைக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று முதலில் நொத்தாரிசைக் கொண்டு பாருங்கள். பெரும்பாலும் அவர் அங்கே கேட்டுத்தான் சொல்லுவார். நம் இரவு எட்டு மணி, கோடைகாலத்து ரொறன்ரோவில் காலை பத்தரை. ஐந்து சகோதரங்கள் ஐந்து நாட்டில் என்றால் ஒரு இலட்சம் குறைக்க ஒரு கிழமை போகும். அவர்களுக்கு வாய்ச்சொல் வேண்டாம், வீடியோ அனுப்புங்கள்: திருப்புளி மரத்துக்குள் இறங்குவது, சுத்தியல் தட்டும் சத்தம். அங்கே வீடு வாங்கி விற்றவர்கள் என்பதால் இந்தப் பாஷை அவர்களுக்கு உடனே புரியும்.

இனி, பழுதுக்கு ஈடாக எதை வாங்குவது என்ற கேள்வி. பலரும் விலையைக் குறைத்தால் போதும் என்று நினைப்பார்கள். கைக்காசில் வாங்குபவருக்கு அது சரி. வங்கிக் கடனில் வாங்குபவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணத்துக்கு வீடு 120 இலட்சம், வங்கி விலையில் 70 வீதம் தருகிறது என்று வைப்போம். வங்கி 84, உங்கள் கை 36. கூரை வேலைக்கு 6 இலட்சம் என்று கணக்கு வந்து, விற்பவர் அந்த ஆறையும் குறைத்துவிட்டார். விலை 114. வங்கி இப்போது 79.8 தரும், உங்கள் கை 34.2. ஆக உங்கள் கையில் மிஞ்சியது 1.8 இலட்சம்தான். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மிச்சத்துக்கு 4 வீதமும் என்பதால் அதில் ஒரு 24,000 குறையும். இரண்டையும் சேர்த்தாலும் கூரைக்குத் தேவையான ஆறில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் கையில் நிற்கும். கடன் குறைந்தது இலாபம்தான், ஆனால் மாரிக்கு முன் ஓடாவியாருக்குக் கொடுக்கக் காசு வேண்டுமே. இப்படிப்பட்டவருக்கு, உறுதிக்கு முன் விற்பவரே கூரையைத் திருத்தித் தருவது நல்லது.

அதற்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. விற்பவர் செய்யும் திருத்தம் விற்பவர் மனத்தோடு நடக்கும். மலிவு மரம், மெல்லிய சீட், பழைய ஆணி. ஆகவே என்ன மரம், எந்தச் சீட், எந்தத் திகதிக்குள் என்பதை நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். செய்து முடித்ததை உங்கள் ஓடாவியார் பார்த்து ஒத்துக்கொண்ட பிறகே உறுதி என்றும் அதில் இருக்கட்டும். கழற்றும் பழைய மரமும் ஓடும் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் முதிரைக் கைமரம் நான்குக்காக முறிந்த வியாபாரம் இந்த ஊரில் உண்டு. நடுவழி ஒன்றும் இருக்கிறது. விற்பவர் கையில் காசில்லாதபோது, உங்கள் அட்வான்ஸில் ஒரு பகுதியை நேரே வேலைக்கே கொடுத்து, அதை விலையில் கழிப்பது. அப்படிச் செய்தால், வியாபாரம் முறிந்தாலும் அந்தக் காசு திரும்பவும் உங்களுக்கே என்று உடன்படிக்கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரான் வீட்டுக்கு நீங்கள் கூரை போட்டுக் கொடுத்ததாக முடியும்.

புரோக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் யாருடைய ஆள் என்று எல்லோரும் சந்தேகப்படுவார்கள். அவர் வியாபாரம் முடிவதன் ஆள். கூலி மூன்று வீதம் என்று வைத்தால், ஐந்து இலட்சம் விலை குறைந்தால் அவருக்குப் போவது 15,000. வியாபாரமே முறிந்தால் முழுக்கூலியும் போய்விடும். ஆகவே எழுத்துக் கணக்கோடு நியாயமாகக் கேட்டால், விலையைக் குறைக்கச் சொல்லி விற்பவரிடம் முதலில் கதைப்பவர் அவர்தான். பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு மகளின் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். முகூர்த்தம் தெரிந்தபிறகு ஒரு ரூபாயும் குறையாது.

விற்பவர் பக்கம் நின்று பார்த்தால் இதே காரியம் இன்னும் இலகு. வீட்டைக் காட்டுவதற்கு முன் நீங்களே ஒரு மேசனையும் ஓடாவியாரையும் ஏற்றிப் பாருங்கள். ட்ரிப் சுவிட்ச், ஒழுகும் பைப், கழன்ற கொளுக்கி போன்ற சில்லறை வேலைகளை முடித்துவிடுங்கள். பெரிய வேலையைச் செய்ய வேண்டாம், வாங்குபவர் எப்படியும் தன் விருப்பத்துக்கு மாற்றுவார். அதை விலைக்குள் வைத்து முதல் நாளே சொல்லுங்கள்: “பின்பக்கக் கூரை மாத்த வேணும், அதையும் பாத்துத்தான் இந்த விலை.” இப்படிச் சொன்னபின் அதே கூரையைக் காட்டி யாரும் இரண்டாம் தரம் விலை குறைக்கக் கேட்க முடியாது. செய்யக் கூடாத ஒன்று, ஈரச் சுவருக்குப் புதுப் பெயின்ட். பெயின்ட் மணம் போகாத ஒரே ஒரு சுவரைக் கண்டால், வாங்க வந்தவர் நல்ல சுவர்களையும் தட்டிப் பார்க்கத் தொடங்குவார். குறையைத் தெரிந்தே மறைத்தது பிறகு நிரூபணமானால், ‘உள்ளது உள்ளபடி’ என்று உறுதியில் எழுதிய வாசகம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பவும் வேண்டாம்.

காசால் திருத்த முடியாத குறைகளும் உண்டு. அனுமதி எடுக்காமல் பின்னால் இறக்கிய அறை, மதிலோடு ஒட்டிய குசினி. நகரத்துச் சபையோ பட்டினமும் சூழலும் பிரதேச சபையோ, எதன் எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அங்கே அனுமதித்த வரைபடத்தை வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோரமானால் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி அதற்குள் கட்டட வேலைக்கு அனுமதி வேண்டும். நீங்கள் திருத்தப் போகும்போது இந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும். பேமிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் பிரதேச செயலகத்தின் சம்மதம் இல்லாமல் கைமாற்றவே முடியாது. அங்கே கூரையைப் பற்றிப் பேசுவது பிறகு.

கடைசியாக, உறுதி எழுதும் நாள் காலை. நல்ல நேரம் பார்த்து நொத்தாரிசிடம் போவதற்கு முன் ஒரு மணிநேரம் ஒதுக்கி அந்த வீட்டுக்குப் போங்கள். எல்லா பைப்பையும் திறவுங்கள், எல்லா லைற்றையும் போடுங்கள். திருத்தித் தருவதாகச் சொன்ன இடத்துக்கு ஏணி வையுங்கள். பிறகு கிணற்றடிக்குப் போய் மோட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தாங்கி, ஃபேன்கள், ஜன்னல் கிராதி, கேஸ் சிலிண்டருக்குக் கட்டிய இரும்புக் கூடு, எது வீட்டோடு, எது விற்பவரோடு என்று உடன்படிக்கையில் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஃபேன் ஐந்து என்று எழுதி நாலு சுழன்றால், அதைக் கேட்க உங்களுக்கு இன்னும் ஒரு மணிநேரம் இருக்கிறது.